பரணில் கிடைத்த வாள்: செட்டிநாட்டுப் பழைய ஆயுதங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணத்துக்கோ அறுபதாம் கல்யாணச் சாந்திக்கோ பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைத் திறக்கும்போது பரணிலிருந்தும் பெட்டகத்திலிருந்தும் ஏதாவது ஒரு வாள், ஒரு குத்துவாள், ஓர் ஈட்டிமுனை வெளியே வரும். உடனே செல்போனில் படம் எடுத்து அனுப்பிக் கேட்பார்கள். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து எனக்கு வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

வீட்டில் ஒரு பழைய வாள் கிடைத்திருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

துடைக்காதீர்கள். தேய்க்காதீர்கள். உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பலமாக இழுக்காதீர்கள். கிடந்த நிலையிலேயே படம் எடுங்கள். வீட்டின் எந்தக் கட்டுப் பகுதியில், எந்தப் பெட்டியில், எதோடு சேர்ந்து கிடந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதைச் சுற்றியிருந்த துணி, செய்தித்தாள், கயிறு எதையும் குப்பையில் போடாதீர்கள். தேதியுள்ள ஒரு ரங்கூன் செய்தித்தாள் துண்டு, அந்த வாள் குறைந்தது எந்த வருடத்துக்குப் பிறகு சுற்றிவைக்கப்பட்டது என்பதைச் சொல்லிவிடும்.

அதன் பிறகு வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். “இது யார் கொண்டுவந்தது ஆச்சி?” என்று கேட்டால் பாதி நேரம் ஓர் ஊர்ப் பெயராவது கிடைக்கும். மோல்மேன், பினாங்கு, ஈப்போ, கண்டி, சைகோன். இரும்பைப் பார்த்து நான் பத்து நாளில் கண்டுபிடிக்க முடியாததை அந்த ஒரு சொல் சொல்லிவிடும். ஆச்சி போய்விட்டால் அந்தச் சொல்லும் போய்விடும், இரும்பு மட்டும் கிடக்கும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் கறுத்துப்போன பர்மா வாள் ஒன்று இருந்தது. இளம் வயதில், பளபளவென்று ஆக்கிவிடலாம் என்று உப்புத்தாள் போட்டு ஒரு மத்தியானம் முழுக்கத் தேய்த்தேன். கறுப்புக்குள் மெல்லிய வெள்ளி இழையால் உருவங்கள் போட்டிருந்தார்கள் என்பது, அவை பாதி போன பிறகுதான் கண்ணில் பட்டது. மிச்சமிருக்கும் பாதியை இன்றும் வைத்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது.

செட்டியார்கள் வணிகர்கள். அவர்கள் வீட்டுக்கு வாள் எப்படி வந்தது?

மூன்று வழிகளில் வந்தது. இதைப் புரிந்துகொண்டால் அடையாளம் காணும் வேலையில் பாதி முடிந்துவிடும்.

முதல் வழி கடல். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போன ஐயாக்கள் பர்மா, மலாயா, இலங்கை, இந்தோசீனா என்று லேவாதேவி செய்த ஊர்களிலிருந்து தேக்கு கொண்டுவந்தார்கள், கண்ணாடி கொண்டுவந்தார்கள், அரக்குச் சாமான் கொண்டுவந்தார்கள். அதோடு அந்த ஊர் ஆயுதங்களும் நினைவுப் பொருளாக, அன்பளிப்பாக வந்து சேர்ந்தன. இரண்டாவது, சுற்றியிருந்த சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகள். மூன்றாவது வெள்ளைக்காரர்கள்: ராணுவம், ஏலம், ஜமீன் விருது.

நம் வீடுகளில் உள்ளூர் வாளைவிடக் கடல் கடந்து வந்த வாள் அதிகம் கிடைப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, அதே ஆண்டு டிசம்பரில் கம்பெனி அரசு பாளையப்பட்டு மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்து அறிக்கை விட்டது. கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. 1878-இல் ஆயுதச் சட்டம் வந்து மறுபடி இறுக்கியது. தப்பியவற்றில் பல கோயிலுக்குள் சாமி ஆயுதமாக நின்றதால் தப்பியவை. நாம் இன்று பார்க்கும் பெரிய வீடுகள் பெரும்பாலும் 1850-க்கும் 1940-க்கும் இடையில் எழுந்தவை, அதாவது இந்தப் பறிமுதலுக்குப் பிறகு வந்தவை. அதனால் “இது மருதுபாண்டியர் கைவாள்” என்று யாராவது சொன்னால் நான் முதலில் மரியாதையாகக் கேட்டுக்கொள்வேன், பிறகு பொருளை மெதுவாகப் பார்ப்பேன். சொன்ன எல்லாம் பொய் என்று அர்த்தமில்லை. ஆனால் ஆதாரம் அந்தப் பொருளிலேயே இருக்க வேண்டும்.

பர்மா வாளை எப்படி அறிவது?

பர்மாவில் அதை ‘தா’ என்பார்கள். நம் வீடுகளில் அதிகம் கிடைப்பது இதுதான். பிடி உருண்டையாக, நீளமாக, இரண்டு கையாலும் பிடிக்கும்படி இருக்கும். கைக்காவல் இருக்காது, இருந்தாலும் சின்ன வளையம் போலத்தான். அலகு ஒருபக்கக் கூர், லேசான வளைவு. உறை இரண்டு மரத் துண்டுகளைச் சேர்த்து பிரம்பாலோ வெள்ளிப் பட்டையாலோ கட்டியது. தோளில் தொங்கவிடும் கயிறு அந்த உறையிலேயே இருக்கும். கயிறு இற்றுப்போயிருந்தாலும் வெட்டி எறியாதீர்கள்.

இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உழைக்கிறவர் வைத்திருந்த தா எளிமையாக இருக்கும். பரிசாகக் கொடுக்கச் செய்தது பிடி முழுக்க வெள்ளி, சில நேரம் தந்தம், அலகின் மேல் கறுப்புத் தளத்தில் வெள்ளியால் ஜாதகக் கதை (புத்தரின் முற்பிறவிக் கதை) காட்சிகளும் பர்மிய எழுத்தும். எழுத்து இருந்தால் நேரான வெளிச்சத்தில் எடுக்காமல் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுங்கள். செய்தவர் பெயரோ சொந்தக்காரர் பெயரோ அதில் இருக்கலாம்.

நெளிநெளியான குத்துவாள் ஒன்று இருக்கிறது. அது விஷக் கத்தியா?

அது மலாய் ‘கிரிஸ்’. மலாயா, ஜாவா, சுமத்ரா, பாலி எல்லாவற்றுக்கும் பொதுவான ஆயுதம். 2005-இல் இந்தோனேசிய கிரிஸை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

எல்லா கிரிஸும் நெளிந்திருக்காது, நேரானவையும் ஏராளம். நெளிவு இருந்தால் எண்ணிப் பாருங்கள், மரபுப்படி அது ஒற்றைப்படையாகத்தான் வரும். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. அடிப்பகுதி ஒரு பக்கம் அகன்று, மறுபக்கம் குறுகி, சமச்சீர் இல்லாமல் இருக்கும். அடியில் குறுக்கே ஒரு தனி இரும்புத் துண்டு பொருத்தியிருப்பார்கள். அலகில் வெள்ளையும் கறுப்புமாக மரத்தின் ரேகை போல ஓடுவது, இருவகை உலோகத்தை மடித்து மடித்து அடித்ததால் வந்தது. பிடி தலைகுனிந்து உட்கார்ந்த மனிதன் போல வளைந்திருந்தால் அதை மலாய்க்காரர்கள் ‘ஜாவா டெமாம்’ என்பார்கள். காய்ச்சலில் கிடக்கும் ஜாவாக்காரன் என்று பொருள். தீபகற்ப மலாயாவிலும் சுமத்ராவிலும் பரவிய பாணி அது. பினாங்கு, ஈப்போவில் கடை வைத்திருந்த குடும்பங்களில் இந்த வகை கிடைப்பது இயல்பு.

விஷம் பற்றிய பயத்துக்குக் காரணம் உண்டு. ரேகை தெளிவாகத் தெரிய, அலகை எலுமிச்சைச் சாற்றில் சுத்தம் செய்து பாஷாணம் பூசுவது மரபு. அந்தப் பாஷாணம் ஆர்செனிக்தான். ஆகவே வெறுங்கையால் நெடுநேரம் தடவாதீர்கள், தொட்டால் கை கழுவுங்கள், குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள். வீட்டில் அந்தப் பூச்சு வேலையை மறுபடி செய்து பார்க்கவே கூடாது.

கண்டி, கொழும்புப் பக்கத்திலிருந்து வந்தவை?

இலங்கைக் கொடியிலிருக்கும் சிங்கம் கையில் பிடித்திருக்கும் வாள் ‘கஸ்தானை’. குட்டையான, லேசாக வளைந்த வாள், பிடியின் தலையிலும் கைக்காவல் நுனிகளிலும் சிங்கத்தலை. போருக்கு என்பதைவிடப் பதவி அடையாளமாக முதலியார் போன்ற அதிகாரிகள் அணிந்தது. பித்தளை, வெள்ளி வேலைப்பாடு செய்த தடித்த கத்திகளும் உண்டு, ‘பிஹா கெத்த’ என்பார்கள். இரண்டும் இன்று சுற்றுலாச் சரக்காகவும் செய்யப்படுகின்றன, கவனம் தேவை.

தாத்தா ஜப்பான்காரன் வாள் என்பார். அப்படி இருக்க முடியுமா?

முடியும். 1942-இல் ஜப்பான் பர்மாவையும் மலாயாவையும் பிடித்தபோது எத்தனையோ நம்மவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள், பலர் நடந்தே வந்தார்கள். போர் முடிந்த பின் அந்த ஊர்களில் ஜப்பானிய ராணுவ வாள்கள் இறைந்து கிடந்தன.

சிப்பாய் அதிகாரிகளுக்குத் தொழிற்சாலையில் செய்து கொடுத்த வகை 1935-இல் வந்தது. பிடி உலோகத்தில் வார்த்தது, கயிறு சுற்றியது போல அச்சு இருக்கும். முதலில் செம்பில், பின்னர் அலுமினியத்தில். அலகில் பிடிக்கு அருகில் ஒரு எண் அடித்திருக்கும். உறையிலும் அதே எண் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே வந்தவை. உயர் அதிகாரி வாள் வேறு: மரப்பிடி, திருக்கை மீன் தோல், அதன் மேல் துணிநாடா. உள்ளே சில நேரம் நூற்றாண்டு பழைய கைவேலை அலகு இருக்கும். பிடிக்குள் மறைந்திருக்கும் வால் பகுதியில் கொல்லன் பெயர் பொறித்திருக்கலாம். அந்த வால் பகுதித் துருவை ஒருபோதும் தொடக்கூடாது, துருவின் நிறமே வயதுக்குச் சாட்சி. நீங்களாகப் பிடியைக் கழற்ற வேண்டாம்.

ஆங்கில எழுத்து பொறித்த வாள்?

கிரீடமும் எழுத்தும் பாருங்கள். வி.ஆர். என்றால் விக்டோரியா, இ.ஆர். ஏழு என்றால் 1901 முதல் 1910 வரை, ஜி.ஆர். ஐந்து என்றால் 1910 முதல் 1936 வரை. வாள் செய்த ஆங்கிலக் கம்பெனியான வில்கின்சன் பெயர் இருந்தால் அலகின் முதுகில் எண் தேடுங்கள். 1854 முதல் எண் இட்டார்கள், அதை வைத்து எந்த ஆண்டு செய்தது என்று கண்டுபிடிக்கலாம். மலாக்காப் பிரம்புக் கைத்தடிக்குள் ஒல்லியான அலகு இருந்தால் அது கைத்தடி வாள். சட்டம் அதையும் வாளாகத்தான் பார்க்கிறது.

நம் நாட்டு வாள், கட்டாரி எப்படி இருக்கும்?

இதில் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை. வடநாட்டுத் ‘தல்வார்’ என்றால் வளைந்த அலகு, இரும்புப் பிடி, பிடியின் உச்சியில் தட்டு போன்ற வட்டம். இது இந்தியா முழுக்கப் பரவியது, நம் பக்கமும் கிடைக்கும். தஞ்சாவூர் பாணி வேறு. பிடியில் யாளி, மகரம், கிளி என்று கோயில் தூணில் பார்க்கும் உருவங்களே வரும். அலகின் அடியில் இருபுறமும் பட்டைத் தகடு நீண்டு வந்து ஆணியால் இறுக்கியிருக்கும். கட்டாரி என்னும் குத்துவாளின் கைப்பிடிக்கு மேல் படமெடுத்த நாகம் போல ஒரு காவல் தகடு விரிந்திருக்கும்.

அலகைப் பார்த்தால் இன்னொரு வியப்பு. தென்னாட்டு வாள்களிலும் கட்டாரிகளிலும் பல, ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த அலகுகளை வெட்டிப் பொருத்தியவை. ஜெர்மனியின் சோலிங்கன் அலகுகள், இத்தாலிய முத்திரைகள், புகழ்பெற்ற கொல்லர் பெயரைத் தப்பும் தவறுமாகப் பொறித்தவை எல்லாம் உண்டு. இப்படிப்பட்ட வாளுக்கே ‘ஃபிரங்கி’ என்று பெயர். நாம் சொல்லும் ‘பரங்கி’ அதே சொல்தான். எனவே ரோம எழுத்தைப் பார்த்தவுடன் வெள்ளைக்காரன் வாள் என்று ஒதுக்காதீர்கள். பிடியைப் பாருங்கள்.

தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் 1855-இல் இறந்தபின் அரண்மனை ஆயுதசாலை கலைக்கப்பட்டது. நல்லவற்றைப் பொறுக்கிச் சென்னை மியூசியத்துக்கு அனுப்பினார்கள், பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். ஒரு நாட்டின் கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தது எடைக்குப் போனது. எழும்பூரிலுள்ள அந்த மியூசியத்தில் மிச்சமிருப்பதை ஒரு நாள் ஒதுக்கிப் போய்ப் பாருங்கள். நல்ல பொருளைக் கண்ணால் பார்க்காமல் போலியை அறிய முடியாது.

வளரி கிடைக்குமா?

கிடைப்பது மிகவும் அரிது, போலி மிகவும் எளிது. பிறை போல வளைந்த எறி ஆயுதம் அது. பெரும்பாலும் வைரம் பாய்ந்த மரம், சில இரும்பு, தந்தத்திலும் உண்டு. ஒரு முனை மற்றதைவிடக் கனமாக இருக்கும். லேசான முனையைப் பிடித்துத் தோளுக்கு மேல் சுழற்றி வீசுவார்கள். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று, அவரை எதிர்த்துப் போரிட்ட ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

சந்தையில் வரும் ‘வளரி’களில் இரண்டு முனையும் ஒரே கனமாக, இயந்திரத்தில் அறுத்த மரம்போல இருந்தால் விட்டுவிடுங்கள். மூத்த குடும்பங்களில் ஆயுதப் பெட்டியில் அது நிஜமாகவே இருந்தால், தயவுசெய்து விற்க வேண்டாம், ஏதாவது ஒரு மியூசியத்தில் காட்டிப் பதிவு செய்யுங்கள்.

அலகில் தண்ணீர் அலை போல ரேகை தெரிகிறது. உருக்கு வாளா?

இருக்கலாம். தமிழ்நாட்டில் மூசையில் (உலோகம் உருக்கும் மண் கலத்தில்) வைத்து உருக்கி எஃகு செய்த தடயங்கள் ஈரோடு மாவட்டக் கொடுமணல் போன்ற இடங்களில் அகழ்வில் கிடைத்திருக்கின்றன. ‘ஊட்ஸ்’ என்று உலகம் சொல்வதும் நம் ‘உருக்கு’, கன்னட ‘உக்கு’ வழி வந்த பெயர் என்பார்கள். அசல் மூசை எஃகில் ரேகை இரும்புக்குள்ளேயே இருக்கும், ஒழுங்கற்று, நுணுக்கமாக, ஓரிடம் போல இன்னோரிடம் இராது. அமிலத்தால் வரைந்த போலியில் கோடு மேற்பரப்பில் மட்டும் இருக்கும், ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும், முதுகுப் பக்கம் திருப்பினால் ரேகை தொடராது. முதுகைப் பாருங்கள், அதுதான் என் முதல் சோதனை.

ரேகையைப் பார்க்க நீங்களாக அமிலம் தடவாதீர்கள்.

போலியைக் கண்டுபிடிக்க எளிய வழி ஏதாவது?

ஒரே சோதனையை நம்பாதீர்கள். நான் செய்யும் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் தடிமன். கைவேலை அலகு பிடிக்கு அருகில் தடித்து, நுனிக்குப் போகப் போக மெலியும். தகட்டிலிருந்து வெட்டிய புது வாள் முழுக்க ஒரே தடிமன். தடிமன் அளக்கும் ஒரு வெர்னியர் கருவி இருந்தால் போதும், இரண்டே நிமிடத்தில் பாதிப் போலிகள் விழுந்துவிடும். அப்புறம் கையில் தூக்கிப் பாருங்கள். வாள் என்று செய்தது கையில் உயிரோடு அசையும், அலங்காரப் பொருள் கம்பிபோல முன்பக்கம் இழுக்கும்.

அடுத்தது தேய்மானம். கை பட்ட இடம், இடுப்பில் உரசிய இடம், உறைவாய், இவை தேய்ந்திருக்க வேண்டும். மேடு தேயும், பள்ளம் தேயாது. பள்ளத்துக்குள் தேய்ந்து மேடு கூர்மையாக இருந்தால் யாரோ செய்த வேலை. துருவும் அப்படித்தான். பழைய துரு கறுப்பு கலந்த பழுப்பு, இறுகி ஒட்டியிருக்கும். உப்பும் அமிலமும் தெளித்து வரவழைத்தது செம்மஞ்சளாக, விரலில் பொடியாக வரும், எங்கும் ஒரே மாதிரி.

பிறகு திருகாணி. தலையில் கூட்டல் குறி போட்ட திருகாணி 1930-களில்தான் வந்தது. அது இருந்தால் பொருள் புதிது, அல்லது பழுது பார்த்திருக்கிறார்கள். பித்தளைப் பிடியில் வார்ப்பு அச்சின் கோடு ஓடுகிறதா, பளபளப்பு மின்முலாமா என்றும் பாருங்கள். தங்க வேலைப்பாடு அசலானால், இரும்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி அதன்மேல் தங்க இழையை அடித்துப் பதித்திருப்பார்கள். தங்கம் உதிர்ந்த இடத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்தால் அந்தக் கீறல் வலை தெரியும். வெறும் பூச்சில் தெரியாது.

நம் ஊருக்கே உரிய ஒரு சோதனையும் உண்டு. செட்டிநாட்டில் சொம்பு, தட்டு, அண்டா எல்லாவற்றிலும் குடும்ப விலாச எழுத்துகளை வெட்டி வைப்பது வழக்கம். சில வாள் உறைகளின் பூணிலும் பிடியிலும் அப்படி எழுத்து பார்த்திருக்கிறேன். அது எந்த வீட்டுச் சாமான் என்று உடனே பிடிபட்டுவிடும். ஆனால் கடைக்கு வந்தபின் வெட்டிய எழுத்தும் உண்டு. வெட்டின பள்ளத்தில் பழைய அழுக்கு இருக்கிறதா, புது உலோகம் மின்னுகிறதா என்று பாருங்கள்.

எப்படிச் சுத்தம் செய்வது? ஆயுதபூசைக்கு வைக்கலாமா?

புளி, எலுமிச்சை, சாம்பல், பித்தளைக்குப் போடும் பாலிஷ், உப்புத்தாள், கிரைண்டர், எதுவும் வேண்டாம். புளியால் குத்துவிளக்கு பளிச்சென்று ஆகும், அதே புளி இரும்பைத் தின்னும். மென்மையான பருத்தித் துணியில் தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டு விட்டுத் துடைத்தால் போதும். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் பிசுக்கேறித் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

பழைய தல்வார்ப் பிடிகளை உள்ளே அரக்கு ஊற்றித்தான் அலகோடு ஒட்டியிருப்பார்கள். வெந்நீரில் முக்கினாலோ சித்திரை வெயிலில் காயவைத்தாலோ அரக்கு இளகிப் பிடி ஆடும். தோல் உறைக்குள் வைத்து மூடினால் ஈரம் சேர்ந்து துரு ஏறும். உறையை வாளுக்குப் பக்கத்தில் தனியாக வைத்து, இரண்டையும் சேர்த்துப் பருத்தித் துணியில் சுற்றுங்கள்.

பூசைக்குத் தாராளமாக வையுங்கள். சந்தனத்தையும் குங்குமத்தையும் அலகின்மேல் இடாமல், உறையிலோ வாளுக்குக் கீழே விரித்த துணியிலோ இடலாம். ஈரச் சந்தனம் இருந்த இடத்தில் அடுத்த வருடம் வட்டமாகக் கறை நிற்பதை நானே பல வாள்களில் பார்த்திருக்கிறேன்.

கோயில் அரிவாள், வேல், சூலம் விற்பனைக்கு வந்தால் வாங்கலாமா?

கூடாது. அய்யனாருக்கும் கருப்பருக்கும் நேர்ந்து நட்ட ஆயுதம் ஊருக்குச் சொந்தம். எண்ணெயும் விபூதியும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும், நுனியில் எலுமிச்சை குத்திய கறை, சின்ன மணிகள் தொங்கிய துளை இருக்கும். இவற்றைப் பார்த்தால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், சரியான பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். திருப்பாச்சேத்தி அரிவாள் வேண்டுமானால் பட்டறையில் புதிதாக வாங்கலாம், அது இன்றும் உயிரோடு இருக்கும் தொழில்.

சட்டம் என்ன சொல்கிறது?

சுருக்கமாக. 1959 ஆயுதச் சட்டத்தின்படி ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டு, விவசாயப் பயன்பாட்டுக்கு அல்லாததானால், ஆயுதப் பட்டியலில் வரும். துப்பாக்கிக்கு எங்கும் லைசென்ஸ் வேண்டும். வாளுக்கு அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் வேண்டும். உங்கள் பகுதி நிலையைக் கலெக்டர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வீதியில் எடுத்துப் போவது, திருவிழாவில் வீசுவது, படம் பிடித்துப் பரப்புவது வேண்டாம்.

1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்குக் குறையாத பழைய பொருள் தொல்பொருள். அதை வியாபாரமாக விற்க லைசென்ஸ் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. வயலிலோ அஸ்திவாரத்திலோ மண்ணுக்குள் கிடைத்தது என்றால் 1878 புதையல் சட்டம் பொருந்தும், கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். யானைத் தந்தப் பிடியும் மான்கொம்பும் வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வரும், வாங்கவும் விற்கவும் கூடாது.

பழைய துப்பாக்கி கிடைத்தால் தொடாதீர்கள், குழல் யாரையும் பார்க்காமல் அப்படியே விடுங்கள். நூறு வருடம் கழித்தும் உள்ளே மருந்து இருந்திருக்கிறது. போலீசுக்குச் சொல்லிவிடுங்கள்.

சிங்கப்பூரிலிருக்கும் பேரன் தாத்தா வாளைக் கேட்கிறான். எடுத்துப் போகலாமா?

நூறு வருடம் ஆகியிருந்தால் முடியாது. ஆகவில்லை என்று தோன்றினாலும் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் இல்லை என்று சான்று வாங்கிய பிறகுதான். போய்ச் சேரும் நாட்டின் சட்டத்தையும் முன்கூட்டிக் கேளுங்கள். வாள் வீட்டில் இருக்கட்டும், நல்ல படங்களும் அதன் கதையும் பேரனுக்குப் போகட்டும் என்றுதான் நான் சொல்வேன்.

வீடு பங்காளிகளுக்குப் பொது. நான் மட்டும் விற்கலாமா?

வேண்டாம். வளவிலும் (வீட்டின் உள்முற்றப் பகுதியிலும்) பொதுப் பெட்டகத்திலும் இருப்பது எல்லாப் புள்ளிகளுக்கும், அதாவது பங்குள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் சொந்தம். அண்ணன் தம்பி எல்லோருக்கும் படம் அனுப்பி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நல்ல டீலரும் அதைக் கேட்பார்.

ஆயுதம் வீட்டில் இருந்தால் ஆகாது, ரத்தம் கேட்கும் என்கிறார்களே?

அப்படிப் பயந்து ஊரணியில் எறிந்த வாள்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன், வயிறு எரியும். மலாய்க்காரர்களும் கிரிஸுக்குள் ஓர் உயிர் இருப்பதாக நம்புகிறார்கள். அதனாலேயே அதை எறிய மாட்டார்கள், மரியாதையாக வைத்துக் காப்பார்கள். உங்களுக்கு மனசு ஒப்பவில்லையென்றால் மியூசியத்துக்குக் கொடுங்கள். தண்ணீரில் மட்டும் போடாதீர்கள்.

எனக்குச் சேர்க்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நாலு சனிக்கிழமை எதையும் வாங்காமல் சுற்றுங்கள். கடைக்காரர்களிடம் பேசுங்கள், அவர்களில் சிலருக்கு இரும்பைத் தொட்டாலே ஊர் தெரியும். பாக்குவெட்டியில் தொடங்கலாம் என்பது என் எண்ணம். சட்டத் தொல்லை இல்லை, வேலைப்பாடு உண்டு, வார்ப்புக்கும் அடித்துச் செய்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கை கற்றுக்கொள்ளும். இராமநாதபுரத்தில் இராமலிங்க விலாசம் அரண்மனையையும் பார்த்துவிடுங்கள். வாங்கும்போது ரசீது வாங்குங்கள். எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேளுங்கள். சொல்லத் தயங்கும் கடையில் நான் வாங்குவதில்லை.

என்ன விலை போகும்?

படத்தைப் பார்த்து விலை சொல்ல மாட்டேன். உறையும் பிடியும் அலகும் ஒன்றாக வந்ததா, தேய்க்காமல் இருக்கிறதா, யாருடையது என்று எழுத்தில் இருக்கிறதா, இந்த மூன்றும்தான் விலையை ஏற்றும், இறக்கும்.

வாளோடு வைக்கும் சீட்டில் என்ன எழுத வேண்டும்? ஒரு மாதிரி தாருங்கள்.

பேரேட்டில் அணா பைசா விடாமல் எழுதிய வீடுகள் நம்முடையவை. பெண்ணுக்குக் கொடுத்த சாமானுக்கெல்லாம் சிட்டை உண்டு, ஆனால் வாளுக்கு மட்டும் இருக்காது. ஒரு கனத்த தாளில், பேனா மையில் அல்லாமல் பென்சிலில் எழுதுங்கள், மை ஈரத்தில் பரவும். இப்படி எழுதினால் போதும்:

பர்மா தா. மொத்த நீளம் 92 செ.மீ., அலகு 61 செ.மீ. அலகின் தடிமன் பிடியருகே 7 மி.மீ., நுனியருகே 3 மி.மீ. பிடியில் வெள்ளிச் சுற்று, ஒரு பட்டை இல்லை. உறை மரம், கயிறு பாதி. இரண்டாம் கட்டு வடக்கு அறைப் பரணில், தகரப் பெட்டியில், தேக்குப் பொடி ஒட்டிய துணியில் சுற்றிக் கிடந்தது. பெரிய ஐயா மோல்மேன் கடையை மூடிவிட்டு வரும்போது கொண்டுவந்தது என்று அப்பத்தா சொன்னது. கேட்டு எழுதியது மூத்த பேத்தி. சுத்தம் செய்யவில்லை.